பார்சலில் இல்லாத டப்பா

ஆம்பூர்,
மே மாதம், தார் ரோடு செருப்பில் ஒட்டும் நேரம்.

அன்புள்ள பாப்பா ஜெனிஃபாவுக்கு,

மாமன் எபனேசர் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மின்சார வாரியத்தின் கிருபை தவறுகிற மத்தியான வேளை நீங்கலாக. அங்கே அயர்லாந்து மழை உன்னைக் கரைத்துவிடாமல் கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்கிறதா என்று எழுது, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தபோது பாதிதான் மிச்சம் இருப்பதாக எனக்குப் பட்டது, சாப்பிடுகிறாயா இல்லையா. இந்தப் பார்சலை ஷாஜின் கையில் கொடுத்தனுப்புகிறேன், உன் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிற அந்த அரக்கோணத்துப் பிள்ளை லீவு முடிந்து கிளம்புகிறான். பிரித்தால் நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கும், மிளகாய்த்தூள் இருக்கும், உன் அம்மா தைத்த நைட்டி இரண்டு இருக்கும். ஆனால் போன மார்ச்சில் அவள் வீடியோவில் தூக்கிக் காட்டி, உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், மாதம் தள்ளிப்போய் நீ படுகிற கஷ்டமெல்லாம் மூன்றே மாதத்தில் பறந்துவிடும் என்று சொன்னாளே, அந்தப் பொடி டப்பா மட்டும் இருக்காது. ஷாஜினைச் சந்தேகப்படாதே, விமான நிலையத்துக்காரனைத் திட்டாதே. எடுத்தவன் நான். ஏன் எடுத்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பைபிள் மேல் கை வைக்காமல், வைத்தவனுக்கு உண்டான முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இதை ஒருவரும் நம்பமாட்டார்கள். பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது என்று சொன்னால்கூட நாலு பேர் நம்புவார்கள், இதை நம்பமாட்டார்கள். உன் அம்மா இப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குகிறாள், ஆகையால் படிக்கும்போது நீ பயப்படக்கூடாது என்பது அவள் உத்தரவு. எழுதுவதானால் உங்கள் வழக்கமான புளுகு மாதிரியே எழுதுங்கள், பிள்ளை தூரத்தில் தனியாக இருக்கிறது என்றாள். அப்படியே ஆகட்டும். பொம்பளைங்க சமாசாரம், மாமன் எழுதலாமா என்று நினைக்காதே. உன் அப்பா போன பிறகு நீ பெரியவளானபோது மருந்துக்கடையில் போய் நின்று, கருப்புக் கவரில் சுற்றித் தரும்படி நாப்கின் கேட்கத் தெரியாமல் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டு வாங்கிவந்தவன் நான். எனக்கு என்ன வெட்கம்.

விஷயம் ஆரம்பித்தது சூட்டில். உன் அம்மாவுக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகிறது, அதிலிருந்தே திடீர் திடீரென்று உடம்பு திகுதிகுவென்று எரிந்து, ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே வேர்த்து ஊற்றும். ஒருநாள் அவள் நெற்றியிலிருந்து விழுந்த சொட்டில் ஒரு ஜோடி ஷூ நனைந்து, அதை ஜெர்மனிக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்துச் சத்துவாச்சாரியிலிருந்து சோபனா என்று ஒருத்தி, சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வந்து கம்பெனி வாசலில் நின்று பொடி விற்க ஆரம்பித்தாள். டப்பா மேல் ஒரு பெண் சிரிக்கிற படம். உள்ளே என்ன என்று எழுதியிருக்காது. கேட்டால் ஆளி விதை, சோயா, எள், வெந்தயம், அப்புறம் வெளியே சொல்லக்கூடாத இரண்டு வேர் என்பாள். செடிக்குள்ளேயே பொம்பளை ஹார்மோன் ஒளிந்திருக்கிறதாம், நமக்குக் குறைவதை அது நிரப்புமாம். சாம்பல் புதன் அன்று உன் அம்மா டீயை விட்டாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் நாற்பதும் டீக்குப் பதில் அந்தக் கஞ்சி என்று தீர்மானம் எடுத்தாள், உபவாசத்துக்கு உபவாசம், வைத்தியத்துக்கு வைத்தியம்.

அந்தக் கஞ்சியை நான் எப்படிச் சொல்வேன். சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரித்தவன் நான். முப்பத்தோரு வருஷம் டேனரியில், பச்சைத் தோலும் சுரண்டிப் போட்ட சவ்வும் சுற்றிலும் நாற, மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு குட்டித் தூக்கமும் போட்டவன். என் மூக்குக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுக்கவேண்டும். அப்பேர்ப்பட்ட மூக்கு அந்த டப்பாவைத் திறந்த முதல் நாள் சரணடைந்துவிட்டது. ஆளி விதை வாசனை எனக்குத் தெரியாதா, பளபளப்புத் தோலுக்குக் கடைசியில் பூசுகிற எண்ணெய் அதிலிருந்துதானே எடுப்பார்கள். ஷூவுக்குப் போடுவதை என் தங்கச்சி காலை ஆகாரமாகக் குடிக்கிறாள். கொழகொழவென்று சளி மாதிரி, த்தூ, எழுதும்போதே குமட்டுகிறது. தம்ளரைக் கவிழ்த்தால் கீழே விழாது, பாதியில் தொங்கிக்கொண்டு நம்மைப் பார்த்து யோசிக்கும். ஒரு முனை அவள் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்த பிறகும் மறு முனை தம்ளரிலேயே இருக்கும், நடுவில் கத்தரிக்கோல் வைத்து நறுக்கினால்தான் அவளால் வாயை மூடமுடியும். அந்தத் தம்ளரைக் கழுவின ஸ்க்ரப்பர் வெட்கத்தில் தானாகவே குப்பைக்கூடைக்கு நடந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. அவள் கம்பெனி பஸ் ஏறின பிறகு டப்பாவைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன். கேழ்வரகை வறுத்து அரைத்தேன், கொழகொழப்பு வேண்டுமே என்று எனக்கு டாக்டர் காலைக் கடனுக்காக எழுதிக்கொடுத்த இசப்கோலை அள்ளிப் போட்டேன், நிறத்துக்கு ஒரு சிட்டிகை காப்பித்தூள். குலுக்கி வைத்தேன், அப்புறம் புது டப்பா வந்தபோதெல்லாம் இதையே செய்தேன். டப்பா மேலிருந்த பெண் அதே சிரிப்புச் சிரித்தாள். மறுநாள் எங்கள் சாக்கடையிலிருந்து ஒரு பெருச்சாளி வெளியே வந்தது பார், என்ன மேனி, என்ன மினுமினுப்பு, முதல் தரம் என்று முத்திரை குத்தி ஏற்றுமதியே செய்யலாம். ஒரு வாரத்தில் அது புருஷனை மதிக்காமல் போயிற்று, இரண்டாவது வாரத்தில் அது மற்றப் பெருச்சாளிகளைக் கூட்டி வைத்து, எனக்குச் சூடு போய்விட்டது உங்களுக்கும் ஆளுக்கொரு டப்பா என்று கமிஷனுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தது.

சிரிக்கிறாயா, நானும் சிரித்தேன். கேழ்வரகும் என் மலச்சிக்கல் மருந்தும் குடித்துக்கொண்டே உன் அம்மா சூடு கம்மியாகிவிட்டது, தூக்கம் நன்றாக வருகிறது, முழங்கால் வலிகூட இல்லை என்பாள், நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். அதோடு விட்டாளா. சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று, பொடியால் சுகமானேன் என்று சாட்சி சொன்னாள். அதைக் கேட்டு மூன்று பேர் டப்பா வாங்கினார்கள். அங்கேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வேடிக்கை இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம்தான் உனக்கென்று ஒரு டப்பா வந்து அலமாரியில் ஏறினது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுகரா பேகம் பஸ் ஸ்டாப்பில் என்னை நிறுத்தினாள், உன் அம்மாவுக்குப் பக்கத்து மெஷின், உனக்குக்கூட ஒருமுறை ஈத்துக்கு சேமியா கொடுத்தனுப்பினாளே அவள்தான். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அண்ணே, ஆம்பளைங்கிட்ட சொல்றது இல்ல இது. உங்க வூட்ல வேற பொம்பளை இல்லியே, அதான். உங்க தங்கச்சி புஷ்பத்துக்கு எட்டு நாளா ரத்தம் போவுது. ரெண்டு வருசம் முன்னாடியே நின்னவளுக்கு.” உன் அம்மா சோபனாவிடம் கேட்டாளாம். பொடி வேலை செய்கிறது, கருப்பையில் தேங்கின அழுக்கெல்லாம் வெளியே போகிறது, நல்லதுக்குத்தான், இனிமேல் இரண்டு ஸ்பூனாகப் போட்டுக் குடியுங்கள் என்றாளாம் அவள். இவளும் சந்தோஷமாக இரண்டு ஸ்பூன் போட ஆரம்பித்துவிட்டாள்.

பாப்பா, உலகத்தில் அந்த நிமிஷம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், கேழ்வரகு எந்த அழுக்கையும் தள்ளாது என்று. அது பொடி செய்கிற வேலை இல்லை, அவள் வயிற்றில் பொடியே இல்லை. அப்படியானால் வேறு என்னவோ. அது எனக்கு அங்கேயே உறைத்தது, இருந்தும் நான் மூன்று நாள் சும்மா இருந்தேன். சொன்னால் அவள் சபை நடுவே நின்று சொன்ன சாட்சி பொய்யாகிவிடும், என் விளையாட்டு தெரிந்துவிடும், ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று பயம். டாக்டரிடம் போய் வரலாமா என்று ஜாடையாகக் கேட்டேன், எதற்கு, எல்லாம் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றாள். ஆட்டுத்தோலைக் கட்டைவிரலால் தடவி அந்த ஆட்டுக்கு எந்த வயதில் ஜுரம் வந்தது என்று சொல்கிறவன் என்று ஆம்பூர், வாணியம்பாடி இரண்டு ஊரிலும் பெருமை அடித்துக்கொண்டவன் நான். ஒரே கூரைக்குக் கீழே தங்கச்சியின் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததைப் பார்க்கவில்லை. அந்தக் கஞ்சியைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பு இருக்கிறதே, அது அத்தனையும் திரும்பிவந்து என் மேலேயே உட்கார்ந்தது. கண்ணாடியில் சவரம் செய்யப் பிடிக்கவில்லை.

பெரிய வெள்ளி அன்று மும்மணி ஆராதனை முடிந்து வந்தோம். அவள் கறுப்புக்கரைச் சேலையை மாற்றக்கூட இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். நான் தம்ளரைக் கையிலிருந்து பிடுங்கினேன். சிலுவையின் ஏழு வார்த்தையையும் கேட்டுவிட்டு வந்தவன் எட்டாவதாக என்னுடையதைச் சொன்னேன். “புஷ்பம், இது பொடி இல்ல. கேவுரு மாவு. மூணாம் நாளே நான் மாத்திட்டேன்.” அவள் அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போ எனக்குச் சூடு குறைந்தது எப்படி என்று கேட்டாள், அது எனக்குத் தெரியாது என்றேன். பிறகு, சின்னப் பெண்ணாக இருந்தபோது இருட்டில் கேட்கிற குரலில் கேட்டாள்.

“அப்போ இது இன்னாண்ணே?”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வேலூருக்கு ஏறினோம். எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, நாலு சீட் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், வேலூர் வரைக்கும் அவள் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம், எங்களுக்கு முன்னால் டோக்கன் வாங்கினவர் ஒருவர் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே காத்திருப்பதாகச் சொன்னார். டாக்டர் அஃப்ஷா என்று ஒரு பெண், வாணியம்பாடிப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது. உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கேழ்வரகு மாவும் எங்கள் அண்ணனுடைய இசப்கோலும் என்று மணியாகப் பதில் சொன்னாள். அந்தப் பிள்ளைக்குப் பேனா கீழே விழுந்துவிட்டது.

சிரித்து முடித்துவிட்டுப் பொறுமையாக எடுத்துச் சொன்னது. ஆளி விதையிலும் சோயாவிலும் பெண்களுடைய ஹார்மோனுக்குக் கொஞ்சம் சாயலாக ஒரு பொருள் இருப்பது நிஜம்தானாம், சிலருக்குச் சூடு குறைகிறது என்கிறார்கள், சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை, நம்பிக்கையிலேயே குறைவதும் உண்டாம், அதற்கு உன் அம்மாவே சாட்சி. ஆனால் பெயர் எழுதாத டப்பாவில் இன்னும் என்ன கலந்திருக்கிறது என்று கடவுளுக்கும் சோபனாவுக்கும்தான் தெரியும். அப்புறம் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. “விதையை சாப்பாடா சாப்பிடுங்கம்மா, பரவால்ல. மருந்துன்னு நம்பி ரத்தத்தை மறைக்காதீங்க. நின்னு ஒரு வருசத்துக்கு மேல ஆனப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் அன்னிக்கே வரணும்.”

ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உள் சுவர் தடித்திருக்கிறது, சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். டேனரியில் தோலைப் பதப்படுத்துகிற பட்டைச் சாறு உள்ளே வரை இறங்கிவிட்டதா என்று பார்க்கத் தோலின் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி வெளிச்சத்தில் பார்ப்போம், ஆயிரம் முறை செய்திருக்கிறேன், அதே வேலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வராண்டாவில் நான் நடுங்கின நடுக்கத்தில் வேலூர்க் கோட்டையின் அகழியில் அலை எழும்பினது. ரிசல்ட் வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவள் என்னோடு பேசவில்லை, ஆனால் ஒரு தட்டில் எனக்கும் போட்டு வைத்துவிட்டுப் போவாள். ஈஸ்டர் அன்றுகூட வாழ்த்துச் சொல்லாமல் ஒரு முட்டையை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

ரிசல்ட்டில் கெட்டது ஒன்றும் இல்லை. முதலில் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும், எழுதினால் மற்றதை நீ படிக்கமாட்டாய் என்று கடைசியில் வைத்தேன், மன்னித்துக்கொள். சதையை முழுவதும் எடுத்தாகிவிட்டது, ரத்தம் நின்றுவிட்டது, சோகைக்கு இரும்பு மாத்திரை ஓடுகிறது, ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன். உன் அம்மா மறு வாரமே சங்கத்தில் மறுபடி எழுந்து நின்று, போன தடவை சொன்ன சாட்சி தப்பு, நான் மறைத்த மாதிரி நீங்கள் ஒருத்தரும் மறைக்காதீர்கள் என்று சொன்னாளாம், அதற்கப்புறம் இரண்டு பேர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தார்கள். சோபனாவிடம் டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றாக நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று நானும் கூடப் போனேன். அவள் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து அதே கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வேர்த்துக்கொட்டியது. உன் அம்மா திட்டாமல், நீயும் ஒருதரம் போய்க் காட்டு தாயி என்று டாக்டர் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். உனக்கு வைத்திருந்த டப்பாவையும் நான் அலமாரியிலிருந்து எடுத்துவந்து அங்கேயே கொடுத்துவிட்டேன். உனக்கு மாதம் தள்ளிப்போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், நீயே நர்ஸ், அடுத்தவர்களுக்குச் சொல்கிறதை நீயும் கேட்டு அங்கே ஒரு டாக்டரைப் பார்.

எனக்குத் தண்டனை என்ன தெரியுமா. உன் அம்மா கடையில் சுத்தமான ஆளி விதை வாங்கி, தானே வறுத்து அரைத்து, தினம் காலையில் ஒரு தம்ளர் கஞ்சி எனக்குக் கலக்கித் தருகிறாள். நான் குடித்து முடிக்கிற வரை எதிரில் நின்று பார்க்கிறாள். முப்பது நாள் ஆகிறது. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், பழகவே இல்லை, இன்றைக்கும் தொண்டையில் பாதியில் நின்றுகொண்டு வழி கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். அவள் அந்த நேரத்தில்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், அதனால் குடிக்கிறேன்.

இதுவரை எழுதினதை அவளிடம் படித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு, இதை எவள் நம்புவாள் என்கிறாள். சரிதான். பெருச்சாளி என் சொந்தச் சரக்கு. கத்தரிக்கோல் பொய், ஜெர்மனிக்காரன் பொய், கோட்டை அகழியில் அலை எழும்பியதும் அந்த அளவுக்கு இல்லை. ஒரே ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். உன் அம்மா பதினோரு நாள் ரத்தத்தை மறைத்தாள், அதில் மூன்று நாள் நான் தெரிந்தே மறைத்தேன். நம்பாவிட்டால் பார்சலில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், டப்பா வைக்கவேண்டிய இடத்தில் பார், ரிசல்ட்டின் நகல் மடித்து வைத்திருக்கிறேன்.

படித்ததும் அழாமல் அம்மாவுக்குப் போன் செய். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்காதே, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேள், அவள் சொல்லுவாள், இப்போதெல்லாம் சொல்லுகிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் குடை பிடி. நவம்பரில் அந்த ஸ்கேன் நாளுக்கு லீவு கிடைக்குமா பார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார்.

உன் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் எந்த இடத்தில் போடுவேனோ அதே இடத்தில்,

பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்:
த. எபனேசர்